முனை நகரம் – 17: அறுபது நாள் கெடு

1996 மே மாதம். கேப் டவுன் நாடாளுமன்றத்தை நோக்கி ஒரு பெருங்கூட்டம் ஊர்வலமாக வந்தது. வந்தவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். பிள்ளைகளைப் போதைக்குப் பறிகொடுத்த தாய்மார்கள் அதில் நிறைய இருந்தார்கள். நெல்சன் மண்டேலா குடியரசுத் தலைவராகி இரண்டு ஆண்டுகள் முடிந்த நேரம் அது. அவர்கள் கையில் இருந்த மனு சொன்னது இதுதான்: போதை விற்கிறவர்கள் யார், எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும், உங்கள் போலீசுக்கும் தெரியும்; பிடித்து உள்ளே போடுங்கள். அரசுக்கு அறுபது நாள் கெடு.

மனு போய்ச் சேர வேண்டிய இடம் நீதி அமைச்சர் துல்லா ஓமர். அவரும் அதே ஊர்க்காரர், அதே சமூகத்து மனிதர். மண்டேலா சிறையில் இருந்தபோது அவருக்காகப் போய்வந்த வழக்கறிஞர். வெள்ளை அரசின் ரகசியக் கொலைப்படை 1980களின் கடைசியில் ஓமரைத் தீர்த்துக்கட்டத் திட்டமிட்டபோது, அந்த வேலைக்கு நகரின் புறத்தே உள்ள கேப் ஃப்ளாட்ஸ் பகுதியின் ரவுடி ஒருவனைத்தான் கூலிக்கு அமர்த்தியது. இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டால் இந்தப் பகுதியில் வரும் பலவும் புரியும். கும்பல்களைத் தேவைப்படும்போது பயன்படுத்திக்கொண்ட போலீசும் உளவுத்துறையும் 1994க்குப் பிறகு புதிய அரசின் கைக்கு அப்படியே வந்திருந்தன. மேலே உட்கார்ந்த அமைச்சர் மாறினார். ஸ்டேஷனில் இருந்தவர்கள் பலர் மாறவில்லை.

கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி இடிக்கப்பட்ட கதையை முன்பே பார்த்தோம். 1966 பிப்ரவரியில் அந்தப் பகுதி வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். மணற்காடாகக் கிடந்த கேப் ஃப்ளாட்ஸில் மேனன்பெர்க், ஹனோவர் பார்க், லாவெண்டர் ஹில், மிட்செல்ஸ் பிளெய்ன் என்று குடியிருப்புகள் எழும்பின. பாட்டி ஓரிடம், அத்தை ஓரிடம், பள்ளிவாசல் இன்னோரிடம் என்று ஆனது. பழைய தெருவில் ஒரு பையன் தவறு செய்தால் காதைத் திருக ஏழெட்டு வீட்டுப் பெரியவர்கள் இருந்தார்கள். மூன்று மாடி அடுக்குக் குடியிருப்பின் முற்றத்தில் அவனைக் கூப்பிட்டுப் பேச இருந்தவன் கும்பல்காரன் மட்டுமே. ஹார்ட் லிவிங்ஸ், அமெரிக்கன்ஸ், மங்ரல்ஸ், செக்ஸி பாய்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட கூட்டங்கள் இந்த முற்றங்களில் வளர்ந்தவை. வெளியே இவர்கள், சிறைக்குள்ளே 26, 27, 28 என்று எண்களால் அழைக்கப்படும் நூறாண்டுப் பழமையான கும்பல்கள். உள்ளே போய்வந்தவனுக்கு வெளியே மதிப்பு கூடியது.

இந்த மக்களில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர்தான். ஆனால் வேர் ஆழமானது. டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களில் உண்டு. 1694இல் இங்கே நாடு கடத்தப்பட்டு வந்த மக்காசர் ஷேக் யூசுப், அதற்கு முன் பத்தாண்டுகள் இலங்கையில் டச்சுக்காரர்களின் கைதியாக இருந்தவர். அவருடையதும் மற்ற இறைநேசர்களுடையதுமான தர்காக்கள் நகரைச் சுற்றி வளையமாக அமைந்து ஊரைக் காக்கின்றன என்பது இங்குள்ள பழைய நம்பிக்கை. தொழுகையும் மதரஸாவும் குடும்பத்தைக் கட்டிவைத்திருந்த அந்தச் சமூகத்துக்குள்ளும் மாண்ட்ராக்ஸ் நுழைந்தது.

மாண்ட்ராக்ஸின் கதையைக் கொஞ்சம் விரித்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தொடங்குவது நம் நாட்டில். 1951இல் இந்தர் கிஷோர் காக்கர், சையத் ஹுசைன் ஜாஹீர் என்ற இரு இந்திய வேதியியலாளர்கள் மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தபோது உருவாக்கிய சேர்மம் மெத்தாகுவலோன். ஜாஹீர் பின்னாளில் இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகமான சி.எஸ்.ஐ.ஆரின் தலைமை இயக்குநராக இருந்தவர். மலேரியாவுக்கு அது உதவவில்லை; தூக்க மருந்தாக ஐரோப்பாவில் சந்தைக்கு வந்தது. வேறொரு மருந்தையும் சேர்த்துச் செய்த மாத்திரையின் வணிகப் பெயர்தான் மாண்ட்ராக்ஸ். அடிமைப்படுத்துகிறது என்று தெரிந்தபின் நாடு நாடாகத் தடை வந்தது. தென்னாப்பிரிக்கா 1970களில் தடை செய்தது. உலகின் மற்ற இடங்களில் மெல்ல மறைந்துபோன இந்த மாத்திரை தென்னாப்பிரிக்காவில் மட்டும் தங்கிவிட்டது. அங்கே அதைத் தூக்கத்துக்காக யாரும் விழுங்கவில்லை. பொடித்து, டாகா என்று அவர்கள் அழைக்கும் கஞ்சாவோடு கலந்து, உடைத்த பாட்டிலின் கழுத்தில் வைத்துப் புகைத்தார்கள். 'வெள்ளை பைப்' என்று அதற்குப் பெயர். இழுத்தவுடன் உடல் தளர்ந்து சரியும். வேலையில்லாத ஒரு தலைமுறை அப்படிச் சரிந்து கிடந்தது.

மாத்திரை எங்கிருந்து வந்தது? பெரும்பங்கு இந்தியாவிலிருந்து. இங்கே சட்டபூர்வத் தயாரிப்பு 1980களில் நின்ற பிறகும் கள்ளத் தயாரிப்பு நிற்கவில்லை. மும்பை வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கும் அங்கிருந்து தெற்கேயும் சரக்கு போனது. அது பழங்கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2016இல் உதய்ப்பூர் அருகே நம் வருவாய்ப் புலனாய்வுத் துறை கைப்பற்றிய மாண்ட்ராக்ஸ் மாத்திரைகளின் எடை சுமார் 23 டன். ராஜஸ்தானில் யாரும் அதைப் புகைப்பதில்லை. அது எந்த முற்றங்களுக்காகத் தயாரானது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

இன்னொரு மூலமும் வெளிப்பட்டது. 1998இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முன் 'பிராஜெக்ட் கோஸ்ட்' பற்றிய விசாரணை நடந்தது. வௌட்டர் பாசோன் என்ற ராணுவ மருத்துவர் தலைமையில் நிறவெறி அரசு நடத்திய ரசாயன ஆயுதத் திட்டம் அது. அந்த ஆய்வகங்களில் மெத்தாகுவலோனும் தயாரிக்கப்பட்டது என்று விஞ்ஞானிகளே சாட்சி சொன்னார்கள். கலவரக் கூட்டத்தை அடக்கும் புகையாகப் பயன்படுத்தத்தான் என்பது சொல்லப்பட்ட காரணம். கேப் ஃப்ளாட்ஸ் தாய்மார்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. பாசோன் மீதான வழக்கு 2002இல் விடுதலையில் முடிந்தது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1996 மே மாத ஊர்வலத்தின் கோபத்தைப் புரிந்துகொள்ள 1995இன் இரண்டு தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். புதிதாக அமைந்த அரசியல் சாசன நீதிமன்றம் அந்த ஆண்டு ஜூன் 6ஆம் தேதி மரண தண்டனையை ஒழித்தது. நிறவெறி அரசின் தூக்குமேடையைப் பார்த்த நாட்டில் அது மகத்தான தீர்ப்பு. நான் அப்படித்தான் கருதுகிறேன். நவம்பர் 29ஆம் தேதி இன்னொன்று வந்தது. 1992ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது: 115 கிராமுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் அவன் வியாபாரி என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது அவன் பாடு. குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவன் நிரபராதி என்ற அடிப்படைக்கு இது எதிரானது என்று நீதிமன்றம் அந்தப் பிரிவைத் தள்ளுபடி செய்தது. சட்ட நியாயத்தில் இதிலும் பிழை காண முடியாது. ஆனால் மிட்செல்ஸ் பிளெய்னில் ஒரு தாயின் கண்ணில் இது எப்படித் தெரிந்திருக்கும்? மகனுக்கு மாத்திரை விற்றவன் காலையில் பிடிபடுகிறான், ஜாமீனில் மாலையில் வந்து அதே திண்ணையில் உட்கார்கிறான். சாட்சி சொன்னவர் வீட்டுக் கதவில் குண்டு பாய்கிறது. புதிய சாசனம் தன்னையும் காக்க வந்தது என்று அவரை நம்பவைக்க வேண்டிய ஸ்டேஷன், மெர்ச்சன்ட் என்று அங்கே அழைக்கப்படும் போதை வியாபாரிகளிடம் மாமூல் வாங்கிக்கொண்டிருந்தது. உரிமை எல்லோருக்கும் வந்தது, பாதுகாப்பு வரவில்லை. இந்த இடைவெளியில்தான் அந்த ஊர்வலத்தை நடத்திய பகாட் பிறந்தது.

1995 முடிவில் பல தெருக்காவல் குழுக்களும் போதை எதிர்ப்பு மன்றங்களும் ஒன்று சேர்ந்து உருவாக்கிய இயக்கம் அது. 'ரவுடித்தனத்துக்கும் போதைக்கும் எதிரான மக்கள்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் பகாட். ஆரம்பத் தலைவர்களான ஃபாரூக் ஜாஃபர், முகம்மது அலி பார்க்கர், நத்மி எட்ரீஸ் ஆகியோர் பொதுமக்களிடையே வேலை செய்து வந்தவர்கள். அஸ்லாம் தோஃபி, அப்துஸ் சலாம் இப்ராஹிம் ஆகியோரும் முன்னணியில் இருந்தார்கள். கூடும் இடம் கேட்ஸ்வில் பள்ளிவாசல். நிறவெறிச் சட்டம் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய ரைலண்ட்ஸ் பகுதியை ஒட்டியது அது. தமிழ்க் குடும்பங்களும் அந்தப் பகுதியில் உண்டு. தொழுகை முடிந்து கூட்டம் நடக்கும். பிறகு கார்கள் வரிசையாகப் புறப்படும். மெர்ச்சன்ட் ஒருவன் வீட்டுவாசலில் போய் நிற்பார்கள். வியாபாரத்தை நிறுத்த இத்தனை மணி நேரம் அவகாசம் என்று அறிவிப்பார்கள். அடையாளம் தெரியாமலிருக்கப் பலர் முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். சிலரிடம் துப்பாக்கி இருந்தது.

நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஒவ்வொரு முஸ்லிமின் கடமை. தீமையைக் கண்டால் கையால் தடு, முடியாவிட்டால் நாவால், அதுவும் முடியாவிட்டால் மனத்தால் வெறு என்று நபிமொழியை ஒட்டிச் சொல்லப்படும் படிநிலையும் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பழைய சட்ட அறிஞர்கள் பலர் இதில் ஒரு வரம்பு வைத்தார்கள்: கையால் தடுப்பது ஆட்சியாளரின் பொறுப்பு, நாவால் தடுப்பது ஆலிம்களின் பொறுப்பு, மனத்தால் வெறுப்பது எல்லோருக்கும் உரியது. தனிமனிதர்கள் எல்லோரும் கையைப் பயன்படுத்தத் தொடங்கினால் ஊரில் குழப்பம் மிஞ்சும் என்ற அச்சம் அதற்குப் பின்னால் இருந்தது. ஆட்சியாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன செய்வது என்பதுதான் கேட்ஸ்வில்லில் எழுந்த கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்குக் கிடைத்த பதில்தான் அந்தச் சமூகத்தையே உலுக்கியது.

அறுபது நாள் ஓடியது. குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு. கேட்ஸ்வில்லில் கூடிய கூட்டம் கார்களில் சால்ட் ரிவர் பகுதியின் லண்டன் ரோட்டுக்குப் போனது. ஹார்ட் லிவிங்ஸ் கும்பலின் இரட்டைத் தலைவர்களான ரஷாத் ஸ்டாகி, ரஷீத் ஸ்டாகி சகோதரர்களின் வீடு அங்கே. மேனன்பெர்க்கில் பலருக்கு வாடகையும் கரண்ட் பில்லும் கட்டி, தங்களை வள்ளல்களாகக் காட்டிக்கொண்டவர்கள் இவர்கள். போலீஸ் முன்பே வந்து நின்றது. பத்திரிகைக்காரர்களும் டிவி கேமராக்களும் இருந்தன. ரஷாத் தன் வண்டியில் அங்கே வந்தார். கூட்டம் சூழ்ந்தது. தலையில் குண்டு பாய்ந்தது. பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. உடல் பற்றி எரிய எழுந்தவர் மீது மறுபடி மறுபடி சுட்டார்கள். எல்லாம் கேமராவின் கண்ணெதிரில், போலீசின் கண்ணெதிரில்.

மறுநாள் அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போயின. கேப் ஃப்ளாட்ஸில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்பதை மறைக்கக் கூடாது. முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் இருந்தார்கள். ஸ்டாகியின் கைகளால் பாழான வீடுகள் அத்தனை. ஆனால் எரியும் மனிதனைச் சுற்றி நின்று சுடுவதை எந்தச் சமயத்தின் பேராலும் நீதி என்று அழைக்க முடியாது. குற்றச்சாட்டும் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் ஒரு தெருவில் சில நிமிடங்களில் முடிந்தன. அங்கே சுட்டவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களும் இல்லை.

விளைவு உடனே தெரிந்தது. கும்பல் தலைவர்களும் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். தாங்களும் சமூகத்தின் பிள்ளைகள், திருந்த வாய்ப்பு வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். ஒன்றோடொன்று அடித்துக்கொண்ட கும்பல்களுக்குப் பொது எதிரி கிடைத்ததும் பேச்சுவார்த்தை நடத்தி வியாபாரத்தைப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. பகாட் தொடங்கியதன் நோக்கத்துக்கு நேர் எதிரான பலன் இது.

இயக்கத்துக்குள்ளும் உடைப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஜாஃபர், பார்க்கர், எட்ரீஸ் மூவரும் வெளியே இருந்தார்கள். ஈரான் புரட்சியின் ஊக்கத்தில் 1980களில் தோன்றிய கிப்லா என்ற அமைப்பு பகாட்டைக் கைப்பற்றிவிட்டது என்று வெளியேறியவர்கள் குற்றம் சாட்டினார்கள். அப்துஸ் சலாம் இப்ராஹிமின் கை ஓங்கியது. ஜி-ஃபோர்ஸ் என்று அழைக்கப்பட்ட சிறு சிறு ஆயுதக் குழுக்கள் இருளில் இயங்கத் தொடங்கின. ஊர்வலத்தில் வந்த தாய்மார்கள் மெல்ல ஒதுங்கினார்கள். முற்றத்தில் எல்லோரும் பார்க்கக் கெடு விதித்த இயக்கம், நள்ளிரவில் பைப் குண்டு வீசும் இயக்கமாக மாறியது.

என்னை மிகவும் வருத்துவது அதற்கடுத்த கட்டம். 1945இல் நிறுவப்பட்ட முஸ்லிம் ஜுடிஷியல் கவுன்சில் என்ற உலமா சபை, பகாட்டின் நோக்கத்தில் அனுதாபம் கொண்டிருந்தாலும் வழிமுறையிலிருந்து விலகி நின்றது. விலகியதே துரோகம் என்று பேசப்பட்டது. கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியச் சிந்தனையைக் கற்பித்த இப்ராஹிம் மூசா பகாட்டை வெளிப்படையாக விமர்சித்தவர். லக்னோ நத்வத்துல் உலமாவில் ஓதித் தேறிய ஆலிம். மார்க்கம் தெரியாதவர் என்று யாரும் தள்ள முடியாதவர். 1998 ஜூலையில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. குடும்பம் உயிர் தப்பியது. அவர் நாட்டை விட்டு அமெரிக்கா போனார். அங்கேயே பேராசிரியராகத் தங்கிவிட்டார். வீசியவர்கள் யார் என்று எந்த நீதிமன்றமும் உறுதி செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு கேப் டவுன் மிம்பர்களில் எத்தனை இமாம்கள் இந்த விஷயத்தைத் தொட்டுப் பேசத் துணிந்திருப்பார்கள்? கை ஓங்கியபோது நா அடங்கியது. பழைய சட்ட அறிஞர்கள் வரம்பு வைத்தது இதற்குத்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி வாட்டர்ஃப்ரண்ட் துறைமுகப் பகுதியிலிருந்த பிளானட் ஹாலிவுட் உணவகத்தில் குண்டு வெடித்து இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். சூடானிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா ஏவுகணை வீசி ஐந்தே நாள் ஆகியிருந்தது. 1999 நவம்பரில் கேம்ப்ஸ் பே கடற்கரையில் பீட்சா கடை ஒன்றில் வெடித்த குண்டில் ஏறத்தாழ ஐம்பது பேர் காயம். மேனன்பெர்க்கில் பிள்ளைகள் செத்தபோது செய்தியாகாத விஷயம், சுற்றுலாப் பயணிகள் அடிபட்டதும் தேசிய நெருக்கடியானது. பகாட் இந்தக் குண்டுவெடிப்புகளில் தனக்குத் தொடர்பில்லை என்று இன்றுவரை மறுக்கிறது. பெரும்பாலானவற்றில் யாரும் தண்டிக்கப்படவில்லை. பகாட் வழக்குகளைப் புலனாய்ந்துகொண்டிருந்த பென்னி லாட்டெகன் என்ற துப்பறியும் அதிகாரி 1999 ஜனவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2000 செப்டம்பரில், பகாட் தொடர்பான வழக்கு ஒன்றை விசாரித்துவந்த மாஜிஸ்ட்ரேட் பீட்டர் தெரோன் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இத்தனைக்கும் இடையில் அரசு சட்டம் செய்தது, செய்யாமலில்லை. 1997இல் ஜாமீன் விதிகள் இறுக்கப்பட்டன. பெரிய அளவில் போதை விற்றவர்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனை நிர்ணயிக்கப்பட்டது. 1998இல் நிறைவேறி அடுத்த ஜனவரியில் அமலுக்கு வந்த ஒழுங்கமைக்கப்பட்ட குற்றத் தடுப்புச் சட்டம், கும்பலுக்காகச் செய்யும் குற்றத்தைத் தனிக் குற்றமாக்கியது. குற்றத்தில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்ய வழி செய்தது. கலிஃபோர்னியாவின் கும்பல் தடுப்புச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட பகுதிகள் அதில் உண்டு. மனு கொடுத்த தாய்மார்கள் கேட்டதில் கணிசமான பங்கு அதில் இருந்தது. மூன்று ஆண்டுகள் முன்னால் வந்திருக்க வேண்டிய சட்டம். வந்தபோது, அதைக் கேட்டு ஊர்வலம் போனவர்களின் இயக்கமே அரசின் கண்ணில் முதல் எதிரியாகியிருந்தது. ராணுவமும் போலீசும் சேர்ந்து நடத்திய தேடல் நடவடிக்கைகளில் பெருமளவு பலம் பகாட்டைத் துரத்துவதில் செலவானது. 2000 இறுதிக்குள் முக்கியமானவர்கள் உள்ளே போனார்கள்; குண்டுகள் ஓய்ந்தன.

ஸ்டாகி கொலை வழக்கு 2002இல் முடிந்தது. அப்துஸ் சலாம் இப்ராஹிம் கொலைக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்; பொது வன்முறைக்காக ஏழு ஆண்டு தண்டனை. கேமராக்களின் முன்னால் நடந்த கொலைக்குக் கொலையாளி யார் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இரட்டையரில் மற்றவரான ரஷீத், தான் கிறிஸ்துவை ஏற்றுத் திருந்திவிட்டதாக அறிவித்தார். ஆனால் தனக்கு எதிரான சாட்சி என்று கருதிய ஒரு சிறுமியைக் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்க உத்தரவிட்ட குற்றம் நிரூபணமாகி 2003இல் 15 ஆண்டு தண்டனை பெற்றார். பரோலில் வெளியே வந்திருந்தவர் 2019 டிசம்பரில் லண்டன் ரோட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

போதை? மாண்ட்ராக்ஸோடு இன்னொன்று வந்து சேர்ந்தது. 2002ஐ ஒட்டி 'டிக்' என்று அழைக்கப்படும் மெத்தாம்பெட்டமின் கேப் ஃப்ளாட்ஸில் பரவி, சில ஆண்டுகளில் முதலிடம் பிடித்தது. அதன் மூலப்பொருளைக் கொண்டுவந்த சீனக் கும்பல்கள் பணத்துக்குப் பதில் கடற்கரைப் பாறைகளிலிருந்து திருட்டுத்தனமாக எடுக்கப்பட்ட அபலோன் சிப்பிகளை வாங்கிக்கொண்டன. ஹாங்காங் விருந்துகளில் அதற்கு அவ்வளவு விலை. சரியவைக்கும் போதையின் இடத்தில் வெறியேற்றும் போதை. 2019 ஜூலையில் அரசு கேப் ஃப்ளாட்ஸ் தெருக்களுக்கு ராணுவத்தை அனுப்பியது.

கஞ்சாவைப் பற்றிய சட்டம் மட்டும் வேறு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது, அதற்கும் காரணம் கேப் டவுனின் இன்னொரு சமயச் சமூகம்தான். ஸ்டாகி கொலை வழக்கு முடிந்த அதே 2002இல், ஜனவரி 25ஆம் தேதி, அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. காரெத் பிரின்ஸ் என்ற சட்டப் பட்டதாரி ரஸ்தஃபாரி நெறியைப் பின்பற்றுபவர். கஞ்சா வைத்திருந்ததற்காக இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர். அது தன் வழிபாட்டின் பகுதி, தொடர்ந்து பயன்படுத்துவேன் என்று ஒளிக்காமல் சொன்னதால் வழக்கறிஞர் ஆகும் வாய்ப்பு அவருக்கு மறுக்கப்பட்டது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அவருக்கு எதிராகவும் நால்வர் ஆதரவாகவும் நின்றார்கள். அவர் யாருக்கும் கெடு விதிக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்து வென்றார். அந்த வழக்கின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)